தம்பியைப் பார்த்துக்கொண்டவள்

அவளுக்கு ஆறு வயதுகூட முடியவில்லை. ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பெயர். தம்பி பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துணிமூட்டையாக வீட்டுக்கு வந்த அன்று, அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "பெரியவ எங்க?" என்று கேட்டார். யாரோ பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார் போல என்று அவள் அறைக்குள் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. "உன்னத்தாம்மா," என்றார் அப்பா. அப்படித்தான் அந்தப் பெயர் வந்து அவள் தலையில் உட்கார்ந்தது. தம்பி சின்னவன் ஆனான்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. யார் எந்தக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாலும் அவருடைய போன்தான் அலறும். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துபவள். சின்னவன் வயிற்றிலிருந்தபோது விட்ட வேலை. அவனுக்கு மூன்று வயது முடிந்ததும் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே வகுப்பில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த மாண்டிசோரி பள்ளியில் சேர்த்துவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள்.

முதல் நாள் பள்ளியின் கேட் அருகே குனிந்து சின்னவனின் மூக்கைத் துடைத்தாள். நிமிரும்போது பெரியவளிடம், "தம்பியப் பாத்துக்கோ," என்றாள். போகிற அவசரத்தில் சொன்ன வார்த்தை. பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் அம்மாவுக்கே அது மறந்திருக்கும். பெரியவளுக்கு மறக்கவில்லை. பாத்துக்கோ என்றால் பார்க்க வேண்டும். அவள் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த வகுப்பறையில் கரும்பலகை இல்லை, பெஞ்சும் இல்லை. மூன்று வயதுப் பொடிசுகளிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் வரை எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். சுவரோரமாகப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் மர அலமாரிகள். அவற்றில் தட்டுத் தட்டாகச் சாமான்கள். ஒரு தட்டில் இரண்டு சின்னக் கண்ணாடி ஜாடிகள். இன்னொன்றில் பட்டன் போட்டுப் பழகுவதற்காகத் துணி அடித்த மரச்சட்டம். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள், விரலால் தடவிப் பார்க்க. யாருக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துவந்து, பாயை விரித்து, அதன் மேல் வைத்துச் செய்யலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்யலாம். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சட்டம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து முதலில் அலமாரியின் மேல் படுக்கும். பிறகு யாரும் கவனிக்காத நேரத்தில் தரைக்கு இறங்கி, பாய் பாயாகக் கடந்து எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேரும். அந்த அறையில் அது ஒன்றுதான் யாருடைய பாயையும் சுற்றிக்கொண்டு போகாதது.

டீச்சர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஓடுகிறவனிடம் "மெதுவா" என்பார். ஜாடியைத் தூக்குகிறவளிடம் "மெதுவா" என்பார். அழுகிறவனிடம்கூட, அழ வேண்டாம் என்று சொல்லாமல், "மெதுவா" என்பார். பிள்ளைகள் அவருக்கு 'மெதுவா மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

பெரியவள் அங்கே தனக்கென்று ஒரு பாயை விரிக்கவே இல்லை. சின்னவன் எங்கே பாய் விரிக்கிறானோ, அதன் ஓரத்தில் குந்தி உட்காருவாள். அவன் ஜாடியை எடுத்தால் அவளும் ஒரு கை பிடிப்பாள். அவன் பட்டன் சட்டத்தைத் தொட்டால், அவன் முதல் பட்டனைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கடைசி பட்டனிலிருந்து அவள் போட்டுக்கொண்டு வருவாள். யாராவது அவனிடம் ஏதாவது கேட்டால் பதில் அவளிடமிருந்து வரும்.

"உனக்குத் தண்ணி வேணுமா?" என்று மிஸ் அவனைப் பார்த்துக் கேட்பார்.

"அவனுக்கு வேணாம் மிஸ். இப்பத்தான் குடிச்சான்."

"உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"அவனுக்குப் பச்சை."

சின்னவன் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொள்கிற ஆர்வத்தோடு. அந்த வகுப்பில் சேர்ந்து மழைக்காலம் வரும் வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் அவனுக்குப் பேச்சு அதிகம் தேவைப்பட்டதில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லி முடித்திருப்பாள்.

அவள் வயதுப் பிள்ளைகளோ எழுத்துப் பெட்டியைத் திறந்து, மர எழுத்துகளைப் பாயில் அடுக்கி, 'கல்', 'படம்', 'பந்து' என்று வார்த்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுப் பையன் வேறொரு பள்ளியில் படித்தான். தெருவில் போகும்போது கடைப் பலகைகளை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டு போவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கும்.

"இவளுக்கு இன்னும் ஒரு எழுத்துகூடத் தெரியலங்க," என்றாள் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம்.

"வரும், வரும். லிஃப்ட்டே ஒவ்வொரு மாடியாத்தான் ஏறுது."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் லிஃப்ட்டு. நின்னு போனா?"

"நின்னு போனாத்தான் நான் இருக்கேனே," என்று சொல்லிவிட்டு அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை ஆரம்பித்த வாரம் அது. வெளியே எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது, வகுப்பில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். சின்னவன் கண்ணாடி ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஜாடி அதிகம் சாய்ந்து, தட்டு, மேஜை, தரை என்று தண்ணீர் வழிந்தது. பெரியவள் அம்பு மாதிரி பாய்ந்துபோய் ஸ்பாஞ்சை எடுத்துவந்தாள். துடைக்கக் குனிந்தவளின் அருகே மெதுவா மிஸ் வந்து மண்டியிட்டார்.

"அத அவன் கையில குடுத்துப் பாப்போமா?"

"அவனுக்குத் தெரியாது மிஸ்."

"சரி. தெரியாமலேயே குடுப்போம்."

பெரியவளுக்கு மனமே இல்லை. ஆனாலும் கொடுத்தாள். சின்னவன் அந்த மஞ்சள் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் வைத்தான். தண்ணீர் காணாமல் போயிற்று. எடுத்துப் பார்த்தான். தட்டிலிருந்த கிண்ணத்தின் மேல் பிடித்துப் பிழிந்தான், காணாமல் போன தண்ணீர் திரும்ப வந்தது. மறுபடி வைத்தான், மறுபடி பிழிந்தான். மேஜை உலர்ந்துபோன பிறகும், துடைக்க ஒன்றுமே இல்லாதபோதும், கிண்ணத்துத் தண்ணீரை எடுத்து மேஜையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு திரும்பத் துடைத்தான். மழைச் சத்தத்துக்கு ஏற்றபடி அவன் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவனுடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்துவிட்டதைப் பார்த்த பெரியவள், அதைச் சுருட்டிவிடக் கையை நீட்டினாள்.

சின்னவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நானே," என்றான்.

பக்கத்துப் பாயிலிருந்த இரண்டு பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவனுக்குக் குரல் இருக்கிறது என்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்சம் கரகரப்பாக, எதிர்பார்த்ததைவிடத் தடித்த குரல். பெரியவள் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். சட்டைக்கு நானே, சாக்ஸுக்கு நானே, ரொட்டியில் வெண்ணெய் தடவ நானே, கதவைத் தாழ் போட நானே. ஒருநாள் காலையில் அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். சின்னவன் படியில் உட்கார்ந்து சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டுகிறான். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏதோ ஆபீஸில் நாலைந்து பேர் லிஃப்ட்டுக்குள் நிற்கிறார்களாம்.

"போட்டு விடுங்களேன், நேரமாகுதுல்ல," என்றாள் அம்மா.

"அவங்க லிஃப்ட்லதான் மாட்டிருக்காங்க. இவன் பட்டன்ல மாட்டிருக்கான். யார முதல்ல எறக்கறது?" என்றார் அப்பா. ஆனாலும் காத்திருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் மட்டும் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னாடியே படியிறங்கிப் போனாள்.

வேலை போன ஆள் எப்படி இருப்பாரோ அப்படி ஆகிவிட்டாள் அவள். காலையில் வகுப்புக்கு வருவாள். பையை மாட்டுவாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள். பழக்கத்தில் கால்கள் தம்பியின் பாயை நோக்கிப் போகும், பாயின் விளிம்பு வரை போய் நின்றுவிடும். அவன் தலையை நிமிர்த்துவதில்லை. அவனுடைய கழுத்தின் பின்பக்கம், முடி சுழித்துக்கொண்டு போகிற அந்த இடம் மட்டும் அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் அவனுடைய முகத்தையே பார்த்திருந்தவளுக்கு அந்தச் சுழி யாரோ தெரியாத பையனுடையது போல இருந்தது.

அந்த நாட்களில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சின்னவன் பட்டன் சட்டத்தை எடுத்துவைத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை எல்லா பட்டனையும் தானே போட்டு முடித்தான். முடித்துவிட்டு, பெரிய வேலை செய்த மனிதனைப் போலத் தண்ணீர் குடிக்கப் போனான். பெரியவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பாயருகே குனிந்தாள். அவன் போட்ட பட்டன்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், எல்லாவற்றையும் கழற்றினாள். காது சூடானது. திரும்பி வந்து பார்த்தால் அவன் அழுவான். அழுதால் அக்கா என்று கூப்பிடுவான். கூப்பிட்டால் உடனே போய்விடலாம். அலமாரியின் பின்னால் நின்று காத்திருந்தாள்.

சின்னவன் வந்தான். சட்டத்தைப் பார்த்தான். பட்டனெல்லாம் திறந்து துணி இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. அவன் முகம் மலர்ந்தது. யாரோ தனக்காகவே மறுபடி தயார் செய்துவைத்த மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு, முதல் பட்டனிலிருந்து ஆரம்பித்தான்.

அலமாரிக்குப் பின்னால் நின்றவளுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் மூக்குதான் ஒழுகியது. நிமிர்ந்தபோது அறையின் அந்தக் கோடியில் மெதுவா மிஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டார்.

பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள் ஒன்று உண்டு. வந்தவர்களுக்குச் சுவரோரமாக ஒரு குட்டி நாற்காலி போடுவார்கள். அதில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, பேசாமல், யாரையும் கூப்பிடாமல் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அம்மா கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். சின்னவன் அலமாரிக்கும் பாய்க்கும் நடையாய் நடந்து வேலை செய்துகொண்டிருந்தான். அம்மாவைக் கவனிக்கக்கூட இல்லை. பெரியவள் ஜன்னலருகே நின்றாள். நின்றாள் என்றால், நின்றுகொண்டே இருந்தாள். கண்ணாடியில் மழைத்துளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு துளி மெல்ல வரும், பாதியில் தயங்கும், பக்கத்துத் துளியோடு சேர்ந்ததும் சட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடும். எந்தத் துளி எப்போது ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அம்மாவோ, உட்கார்ந்தும் உட்காராமல், அவளுடைய முதுகையே பார்த்தாள்.

வெளியே வந்ததும் அம்மா மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமே செய்யல மிஸ். காலையிலேர்ந்து சும்மா நின்னுட்டு இருக்கா. தினமும் இப்படித்தானா?"

"கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கா."

"நீங்க சொல்லலாமே. வா, இத எடு, இத செய்னு."

"ரெண்டு மூணு தடவ கூப்பிட்டுப் பாத்தேன். மரியாதைக்கு வந்து உக்காந்தா. கை மட்டும்தான் வந்துச்சு." மிஸ் வகுப்புக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். "பொய் சொல்லல. எனக்கும் சில நாள் ராத்திரி யோசனையாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு நாளும் அவ வேற ஒருத்தரோட வேலையில இருந்தா. அதுலேர்ந்து எறங்கி நிக்கறா. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு தோணுது. உங்களுக்குச் சரின்னா."

கடைக்குப் போகிற பஸ்ஸில், முதல் நாள் கேட் அருகே தான் சொன்ன ஒரு வார்த்தை அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அடுத்ததில் இறங்கி நடந்தாள்.

மழை விட்டபின் ஒருநாள். வகுப்பின் மூலையில் நீளமான ஒரு மேஜையில் மணிகள் இருந்தன. ஆட்டுகிற மணிகள் இல்லை. காளான் போல ஒரு காலில் நிற்கிற உலோக மணிகள், இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கு வெள்ளைப் பாதம், இன்னொன்றுக்கு மரக்கலர் பாதம். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். குட்டி மரச் சுத்தியால் தட்டினால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் என்று தெரியும். வெள்ளை மணி எந்தக் குரலில் பேசுகிறதோ அதே குரலில் பேசுகிற மரக்கலர் மணியைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. பெரியவள் அங்கே எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. மேஜையின் மேல் வெயில் விழுந்திருந்தது, அதனால்கூட இருக்கலாம்.

ஒரு மணியைத் தட்டினாள்.

சத்தம் எழுந்தது. எழுந்து, நின்று, மெல்ல மெல்ல மெலிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். காதை அருகே கொண்டுபோனாள், இன்னும் இருந்தது. மூச்சைப் பிடித்தாள். இன்னும் இருந்தது, நூல் மாதிரி. அறையில் யாரோ பாயைச் சுருட்டினார்கள், யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், அதற்கெல்லாம் அடியில் அந்த நூல் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் அது அறுந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதனால் மறுபடி தட்டினாள்.

அன்று காலை முழுவதும் அவள் அங்கேதான் இருந்தாள். ஒரு மணியைத் தட்டுவாள், கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் குரலைத் தலைக்குள் ஏந்திக்கொண்டு, தளும்பாமல், மரக்கலர் மணிகளின் பக்கம் போவாள். தட்டிப் பார்ப்பாள். இது இல்லை. அடுத்தது, இதுவும் இல்லை. ஏந்திவந்தது சிந்திவிட்டால் திரும்பிப் போய் இன்னொரு முறை எடுத்துவருவாள். ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து வரும்போது அவளுடைய தோள்கள் தாமாகவே இறங்கின. பழம் சாப்பிடுகிற நேரம் வந்தது. பிள்ளைகள் வாழைப்பழத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரோ அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி ரிவர்ஸில் வந்ததும், அதன் டிரைவர் யாரிடமோ கத்தியதும் கேட்கவில்லை. அவள் ஏதோ ஒரு தண்ணீருக்கடியில் கண் திறந்து நடந்துகொண்டிருந்தாள், அங்கே எல்லாம் மெதுவாகவும் வெளிச்சமாகவும் இருந்தது.

சின்னவன் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற வழியில் நின்று பார்த்தான். அக்காவின் முதுகு. அசையாத பின்னல். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளுடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, தொடாமல் போனான்.

மறுநாளும் மணிகள். அதற்கு மறுநாளும். மெதுவா மிஸ் அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. வந்தால் எங்கே தன் செருப்புச் சத்தம் கலைத்துவிடுமோ என்கிற மாதிரி தள்ளியே நடந்தார். சில நாள் கழித்து, பெரியவள் மணிகளை எடுத்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அருகே வந்து உட்கார்ந்து, உப்புத்தாள் எழுத்து ஒன்றை மேஜையில் வைத்தார். விரலால் அதன் மேல் எழுதுவது போலத் தடவினார். "ம்," என்றார்.

உதட்டை மூடிக்கொண்டு சொல்கிற சத்தம். பெரியவள் அவரைப் பார்த்தாள். பிறகு சொரசொரப்பான அந்த எழுத்தின் மேல் தன் விரலை ஓட்டினாள். "ம்ம்ம்." மூக்குக்குள், பல்லுக்குள், கன்னத்தின் எலும்புக்குள் அது அதிர்ந்தது. அவள் கண் விரிந்தது. மணி அவளுடைய வாய்க்குள் இருந்தது.

"இது மணியோட கடைசிச் சத்தம் மிஸ்," என்றாள்.

மிஸ் யோசித்தார். வாயை மூடித் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஆமா," என்றார் ஆச்சரியத்தோடு. "இத்தன வருஷம் நான் கவனிக்கல."

அன்று மதியம் எழுத்துப் பெட்டியை அவள் முதல்முறையாகத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பாயை விரித்தாள். புள்ளி வைத்த 'ம்' எல்லாவற்றையும் வகுப்பிலிருந்த ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பொறுக்கி எடுத்தாள். பாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையாக வைத்தாள். ம் ம் ம் ம் ம். நீளமான, அடங்காத ஒரு மணிச் சத்தம் பாயின் மேல் கிடந்தது.

பக்கத்துப் பாயில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி இருந்தாள், வார்த்தை வைப்பதில் புலி. அவள் தன் கையிலிருந்த பெட்டியைத் துழாவினாள். எழுந்து வந்து பெரியவளின் பாயை எட்டிப் பார்த்தாள். மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், நான் மரம் வைக்கணும். ம் எல்லாத்தையும் இவ எடுத்துக்கிட்டா. என்னோடது 'மர'லயே நிக்குது."

"அவ முடிக்கற வரைக்கும் காத்திருக்கலாமே."

"எப்ப முடிப்பா?"

அதைக் கேட்ட பெரியவள் வரிசையின் கடைசிக்கு வந்து, ஒரு 'ம்'மை எடுத்து ரெட்டைச் சடைக்காரியிடம் நீட்டினாள். "இந்தா. இது ரொம்பச் சின்னதா கேக்கற எடம். இது இல்லேன்னாலும் பரவாயில்ல," என்றாள். ரெட்டைச் சடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரம் முழுசானது.

பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்தன. அவள் அவற்றைக் காதால்தான் சேர்த்தாள். 'ட்' என்பது கதவு. 'ஸ்' என்பது குழாயைப் பாதி மூடினால் வருவது. 'ர்' என்பது அப்பாவின் லிஃப்ட் மேலே ஏறுவது. எதிர் வீட்டுப் பையன் அதற்குள் செய்தித்தாள் வரைக்கும் போய்விட்டிருந்தான். அவளுக்கு ஒரு எழுத்தோடு பல நாள் போயிற்று. சில எழுத்துகள் பிடித்துப்போக, அவற்றை விடவே மனமில்லாமல் வைத்திருந்தாள்.

அப்படி ஒருநாள் அவள் பாயில் எழுத்துகளோடு மூழ்கியிருந்தபோது சின்னவன் வந்தான். கையில் ஒரு ஷூ. லேஸ் சிக்கி முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. எவ்வளவோ நேரம் தனியாகப் போராடியிருக்கிறான் என்று அவனுடைய மூக்கு நுனி சிவந்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. பாயின் விளிம்பில் நின்றான்.

"அக்கா. வரல."

வேறொரு காலமாக இருந்தால் எழுத்துகள் நாலாபக்கமும் சிதற எழுந்து ஓடியிருப்பாள். இப்போது அவள் கையில் ஒரு எழுத்து இருந்தது, அதை வைக்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"இரு, வரேன்," என்றாள்.

சின்னவன் இருந்தான். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, பாயை மிதிக்காமல், தரையில் உட்கார்ந்தான். அவள் தன் வார்த்தையை முடித்தாள். வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பி, அவன் எதிரே உட்கார்ந்து, முடிச்சை நகத்தால் நெம்பித் தளர்த்தினாள். தளர்ந்ததும், மீதியைச் செய்யாமல் ஷூவை அவன் பக்கம் தள்ளினாள். அவன் ஒரு இழை இழுத்தான். அவள் பார்த்தாள். இரண்டு பேருடைய தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன.

எந்த நாளில் அவள் படிக்கத் தொடங்கினாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அப்பாவைக் கேட்டால், "நேத்து கீழ் மாடியில இருந்துச்சு, இன்னிக்கு மேல் மாடியில இருக்கு. நடுவுல நான் தூங்கிட்டேன்," என்பார். மிஸ்ஸைக் கேட்டால் சிரிப்பார். அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மட்டும்தான். அன்று அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, இருட்டில் படியிறங்குகிற ஆள் மாதிரி.

"கண்... ணா... டி... யை... மென்... மை... யான... துணி... யால்... துடைக்... க... வும்."

கடையில் ஒவ்வொரு மூக்குக்கண்ணாடியோடும் டப்பாவுக்குள் மடித்து வைக்கிற சீட்டு அது. அம்மாவின் பையிலிருந்து எப்படியோ விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் தரையில் படுத்திருந்தார்கள். பெரியவள் குப்புறப் படுத்துச் சீட்டை முழங்கைகளுக்கு நடுவே விரித்திருந்தாள். சின்னவன் மல்லாந்து, கால்களைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றான்.

"வெந்... நீரில்... கழுவ... வேண்... டாம்."

"கழுவினா?"

"அது போடல." அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "வேண்டாம்னு மட்டும்தான் போட்டிருக்கு."

சின்னவன் அந்தக் கண்ணாடிக்கு வெந்நீரில் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி, அப்புறம்?"

"நே... ரடி... வெயி... லில்... வைக்க... வேண்டாம்."

அம்மா ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றாள். உள்ளே போகவில்லை. ஜன்னல் திரை காற்றில் உப்பி, உப்பி, அடங்கியது. சீட்டு முடிந்ததும் சின்னவன் "மறுபடியும்" என்றான். அவள் மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தாள். அவன் பாதியிலேயே தூங்கிப்போனான், கால்கள் சுவரிலிருந்து சரிந்து ஒரு பக்கமாக விழுந்தன. பெரியவள் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அங்கே போய்ச் சேர வேண்டும் போல இருந்தது.